மேசை வேப்பரைசரோடு தண்ணீர் பப்ளர்: எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

மூலிகையை எரிக்காமல் சூடாக்கி, அதன் ஆவியை மட்டும் இழுக்க உதவும் கருவி வேப்பரைசர். அதை வாங்கியவர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் தண்ணீர் பப்ளரைத்தான், அதாவது ஆவியைத் தண்ணீர் வழியாகக் குமிழியாக வரவிடும் கண்ணாடிக் குடுவையை. பெரிய குடுவையாக இருக்க வேண்டும், உள்ளே அடுக்கடுக்காகத் துளைத்தட்டு வேண்டும், குமிழி பொங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். மாட்டி இழுத்தால் வாசனை பாதியாகிவிடுகிறது, ஆவி கண்ணுக்கே தெரிவதில்லை, மூச்சு வேறு முட்டுகிறது. உடனே டிகிரியை ஏற்றுகிறார்கள். மூலிகை கருகுகிறது. பழி கருவியின் மேல் விழுகிறது. இப்படிச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: தண்ணீர் அதிகம், இழுப்பு வேகம், அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட்டில், அதாவது பாகங்கள் ஒன்றோடொன்று செருகும் இடத்தில், கசிவு. டிஸ்பிளேயில் தெரியும் எண்ணைத் தொடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

இங்கே பேசுவது லாவெண்டர், சீமைச் சாமந்தி, தைம், சேஜ், யூகலிப்டஸ், லெமன் பாம் போன்ற நறுமண மூலிகைகளைப் பற்றி. எந்த மூலிகைக்கு எங்கே அனுமதி உண்டு என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

எந்தக் கருவிக்குத் தண்ணீர் பொருந்தும்

மேசைக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று மூலிகையின் ஊடே போகிறது, இலையில் உள்ள வாசனை எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு வருகிறது. இலை எரிவதில்லை. ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் கருகத் தொடங்கும். வேறுபாடு இருப்பது காற்றை யார் தள்ளுகிறார்கள் என்பதில்: ஃபேனா, பம்பா, நம் மூச்சா? தண்ணீர் சேர்க்கும்போது இந்தக் கேள்விதான் முக்கியம்.

கனடாவின் அரைசர் நிறுவனத்தின் மேசைக் கருவிகள் வீ-டவர், எக்ஸ்ட்ரீம் க்யூ. இரண்டிலும் செராமிக் ஹீட்டர். அதன் மேல் கண்ணாடி பவுல் நிமிர்ந்து உட்காரும். பவுலுக்குள் சல்லடை, சல்லடை மேல் மூலிகை. சூடான காற்று கீழிருந்து மேலே ஏறி, வளைந்த கண்ணாடி முழங்கை வழியாகச் சிலிக்கோன் குழாய்க்குப் போகும். எக்ஸ்ட்ரீம் க்யூவில் ஃபேன், ஆவியைப் பிடித்து வைக்கும் பலூன், ரிமோட் எல்லாம் உண்டு. வீ-டவரில் இவை கிடையாது, இழுப்பு முழுக்க நம் மூச்சுதான். தண்ணீரோடு பயன்படுத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வீ-டவர் போதும், ஃபேனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. எக்ஸ்ட்ரீம் க்யூ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஃபேனை அணைத்துவிட்டு இழுங்கள். ஃபேன் ஓடும்போது குழாய்க்குள் காற்று வெளித்தள்ளும். எதிரே தண்ணீர் மறித்து நிற்பதால், கொஞ்சம் தளர்வான ஜாயின்ட் எங்கே இருக்கிறதோ அந்த வழியாக ஆவி அறைக்குள் போய்விடும். அறை மணக்கும், வாய்க்கு ஒன்றும் வராது. இரண்டு கருவியிலும் வெப்பத்தை 260 டிகிரி வரை ஏற்றலாம். ஏற்ற முடிகிறது என்பதற்காக ஏற்ற வேண்டியதில்லை, அந்த வெப்பத்தில் வருவது புகை.

டா புத்தா போன்ற குழாய்வகைக் கருவிகளில் டிகிரி எண்ணே கிடையாது. ஒரு திருகு மட்டும்தான். ஹீட்டர் முன்பக்கம் பார்த்திருக்கும், மூலிகை கண்ணாடிக் குழாயின் முனையில் இருக்கும். கண்ணாடியோடு கண்ணாடி இறுக்கமாகப் பொருந்துவதால் தண்ணீருக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் மூலிகையைத் தளர்வாகப் போட்டால், இழுக்காத நேரத்தில் ஹீட்டர் பக்கம் சரிந்து விழ வாய்ப்புண்டு. விழுந்த துகள் அங்கேயே கருகி, அடுத்த இழுப்பு முழுக்கப் புகை வாசம் அடிக்கும். திருகில் உங்களுக்குச் சரியான இடம் கிடைத்ததும் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரில் இருக்கும் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் 2000-ஆம் ஆண்டில் கொண்டுவந்த வோல்கேனோ பலூன் வகைக் கருவி. பலூனுக்குப் பின்னால் தண்ணீர் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பலூனுக்குள் வந்தபோதே ஆவி ஆறிவிட்டது. ஆறிய ஆவியை மறுபடி தண்ணீரில் முக்கினால் மிஞ்சிய வாசனையும் போகும். 2019-இல் வந்த ஹைப்ரிட் மாடலில் பலூனோடு குழாயும் உண்டு. அந்தக் குழாய் வழியில் தண்ணீர் வைப்பது நியாயம். பம்பை நிறுத்திவிட்டு மூச்சால் இழுத்தால் வேகம் உங்கள் கையில் இருக்கும்.

தண்ணீர் உண்மையில் என்ன செய்கிறது

ஆவியை ஆற்றுகிறது. வறண்ட காற்றுக்குக் கொஞ்சம் ஈரம் கொடுக்கிறது. மூலிகைத் தூசியில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான். 'தண்ணீர் வடிகட்டிவிடும், எவ்வளவு இழுத்தாலும் பாதுகாப்பு' என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நுண்துகள் குமிழிக்குள் இருந்தபடியே தண்ணீரைக் கடந்து போய்விடும். ஆவி சில்லென்று இருப்பதால் ஆழமாக இழுக்கத் தோன்றும், அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். கூடவே வாசனையும் குறையும். ஆவியாக வந்த எண்ணெயில் ஒரு பங்கு குளிர்ந்த கண்ணாடியிலும் தண்ணீரிலும் ஒட்டிக்கொள்ளும். நாலு இழுப்புக்குப் பிறகு தண்ணீர் மேல் மிதக்கும் மெல்லிய படலம் அதுதான்.

அதனால் எல்லா மூலிகைக்கும் தண்ணீர் தேவையில்லை. வோல்கேனோ தயாரிப்பாளர்களின் அட்டவணை லாவெண்டருக்கும் யூகலிப்டஸுக்கும் 130 டிகிரி, லெமன் பாமுக்கு 142, சீமைச் சாமந்தி, சேஜ், தைம் மூன்றுக்கும் 190 என்று குறிப்பிடுகிறது. 130-இல் வரும் ஆவி தொண்டையை அறுக்காது. அதைத் தண்ணீர் வழியாக விட்டால் வாசனை போவதுதான் மிச்சம். லாவெண்டரை நேராகக் குட்டைக் குழாயிலேயே எடுங்கள். 190-க்குப் போகும் மூன்றுக்குத்தான் பப்ளர் தன் வேலையைக் காட்டும். அந்த வெப்பத்தில் நேராக இழுத்தால் தொண்டை வறண்டு இருமல் வரும், நடுவில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அது அடங்கிவிடும். லெமன் பாம் நடுவில் நிற்கிறது. இருமல் வந்தால் தண்ணீர் வையுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எந்த பப்ளர் வாங்கலாம்

சின்னதாக வாங்குங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் வாய்க்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு ஆவி அங்கேயே தங்கிப் பழசாகிக் கண்ணாடியில் படியும். உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், உள்ளே காற்றைச் சின்னக் குமிழிகளாக உடைக்கும் பரப்பி ஒன்றே ஒன்று, இது போதும். தேன்கூடு போலத் துளைத்த தட்டு, மரக்கிளை போல விரியும் குழல்கள், இரண்டு மூன்று அடுக்கு என்றெல்லாம் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும். புகைக்காக வடிவமைத்தவை அவை. வேப்பரைசர் ஆவி அடர்த்தி குறைந்தது, ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் இழந்துவிட்டுத்தான் மேலே வரும். மரக்கிளை வகையைக் கழுவுவதும் கடினம், கிளை முறிந்தால் குடுவையே வீண். ஆவியைத் தண்ணீருக்குள் இறக்கும் உள்குழாய் அடியில் கீறல்கள் வெட்டியதாக, தனியாகக் கழற்றக்கூடியதாக இருப்பதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். உடைந்தால் உள்குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜாயின்ட் அளவு 10, 14, 18 மில்லிமீட்டர் என்று மூன்று வகையாகப் பேசப்படும். 14 என்று சொல்வது உண்மையில் 14.5 மில்லிமீட்டர், 18 என்பது 18.8. செருகும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டையும் கவனித்து வாங்க வேண்டும், அளவு சரியாக இருந்தும் இரண்டும் செருகும் பக்கமாக இருந்தால் அடாப்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மேசைக் கருவிக்கு 18 நல்லது, 14-உம் பரவாயில்லை. 10 வேண்டாம். வாய் குறுகினால் இழுக்கும் சுமை கூடும்.

சிலிக்கோன் குழாய் உணவுத்தரம் அல்லது மருத்துவத்தரம் என்று போட்டதாக, 200 டிகிரிக்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் வினைல் குழாய் சூட்டில் இளகி பிளாஸ்டிக் வாடை விடும், அதைத் தொடவே வேண்டாம். குழாயின் நீளத்தையும் குறைத்துவிடுங்கள். கருவியோடு வரும் நீளக் குழாய் பலூன் இல்லாமல் நேராக இழுப்பதற்கானது. நடுவில் பப்ளர் வரும்போது பவுலிலிருந்து பப்ளர் வரை 30 அல்லது 40 சென்டிமீட்டர் போதும். நீளம் கூடக்கூட ஆவி வழியிலேயே குளிர்ந்து குழாய்ச் சுவரில் படியும்.

ஜாயின்ட் கழன்று விழாமல் பிடிக்கும் வண்ண பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பலர் பவுல் பக்கத்திலும் மாட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் அசிட்டால் பிளாஸ்டிக், சுமார் 140 டிகிரிக்கு மேல் தாங்காது, அதிகம் சூடானால் அதிலிருந்து ஃபார்மல்டிஹைடு வெளியேறும். பப்ளர் பக்கம் குளிர்ந்த ஜாயின்ட்டில் மட்டும் பிளாஸ்டிக், சூடான பக்கத்தில் உலோகக் கிளிப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

பப்ளரை நேராக ஹீட்டர் மேல் ஏற்றி நிறுத்தும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. வேண்டாம். தண்ணீர் நிறைந்த கண்ணாடியின் எடை முழுவதும் ஒரு கண்ணாடி ஜாயின்ட்டின் மேல் நிற்கும், கை பட்டால் உடைவது ஒரு பக்கம், அதன் தண்ணீர் மின்சாரம் ஓடும் ஹீட்டரின் மேலேயே கொட்டுவது இன்னொரு பக்கம். பப்ளரைத் தனியாக மேசை மேல் நிறுத்தி, குழாயால் இணைப்பதே சரி. பப்ளரின் தண்ணீர் மட்டம் ஹீட்டரின் வாயைவிடக் கீழே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் கருவிக்கு அடியில் ஒரு உறுதியான பலகையைப் போட்டு உயர்த்துங்கள். குழாய் பப்ளரிலிருந்து கிளம்பி முதலில் மேலே ஏறி, ஒரு வளைவு போட்டு, பிறகு பவுலுக்கு வர வேண்டும். இப்படி இருந்தால் யாராவது மறந்து குழாய்க்குள் ஊதிவிட்டாலும் தண்ணீர் அந்த வளைவை ஏறித் தாண்ட வேண்டும், எளிதில் ஹீட்டரை எட்டாது. ஊதவே கூடாது என்பது முதல் விதி. இருமல் வரும்போது வாயைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டு இருமுங்கள்.

தண்ணீரின் அளவு

மொத்த விஷயத்திலும் இதுதான் அதிகப் பலன் தரும் இடம், இதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது. உள்குழாயின் கீறல்கள் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றனவோ, அவ்வளவு அழுத்தத்தை உங்கள் மூச்சு ஈடுகட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் என்றால் சுமார் 98 பாஸ்கல். குடுவை அகலமா ஒடுக்கமா, மொத்தத் தண்ணீர் எத்தனை மில்லி என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆழம் மட்டும்தான் கணக்கு. 4 சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கிய உள்குழாயில் மெதுவாக, ஒரே சீராக இழுப்பது மிகக் கடினம். மூச்சு தானாகவே வெட்டி வெட்டி வரும், ஹீட்டரின் வெப்பமும் ஏறி இறங்கும்.

கீறல்களின் மேல்நுனிக்கு மேலே 5 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும். அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சால் 10 மில்லி, 10 மில்லியாக விட்டுப் பாருங்கள். கீறல்கள் மறைந்ததும் நிறுத்தி, மூலிகை போடாமல் ஒரு முறை வேகமாக இழுத்துப் பாருங்கள். தெறிக்கும் துளி வாய்க்கு வந்தால் ஒரு 5 மில்லி எடுத்துவிடுங்கள். குமிழியே வராமல் காற்று மட்டும் வந்தால் கீறலின் ஒரு பகுதி வெளியே நிற்கிறது என்று பொருள். சரியான மட்டம் கிடைத்ததும் வெளியே ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் அடுத்த முறை இந்த வேலையே இல்லை.

ஐஸ் தண்ணீர் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியில் எண்ணெய் வேகமாகப் படியும், வாசனை இன்னும் குறையும். சாதாரண அறைவெப்பத் தண்ணீர் நல்லது. தொண்டை வறட்சிதான் உங்கள் பிரச்சினை என்றால் 40 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இன்னும் நல்லது, ஆவிக்கு ஈரம் கூடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சூடு தொண்டைக்கே வந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் கிடைத்தால் கண்ணாடியில் உப்புக்கறை படியாது.

கசிவைக் கண்டுபிடிப்பது

கருவியை அணைத்து, ஆறிய நிலையில் செய்ய வேண்டிய சோதனை இது. குழாயின் பவுல் முனையை விரலால் இறுக மூடுங்கள். பப்ளரில் வாய் வைத்து மெதுவாக இழுங்கள். எதுவும் வராமல், உதட்டில் அழுத்தம் மட்டும் தெரிந்தால் கசிவு இல்லை. விரல் மூடியிருந்தும் குமிழி தொடர்ந்து வந்தால், குழாய்க்கும் உள்குழாய்க்கும் இடையிலுள்ள ஜாயின்ட்டில் காற்று நுழைகிறது. குமிழி வரவில்லை, ஆனால் வாய்க்குக் காற்று வருகிறது என்றால் தண்ணீருக்கு மேலே எங்கோ வழி இருக்கிறது. உள்குழாய் குடுவையில் உட்காரும் இடத்தையோ, பக்கத்துளை அடைப்பானையோ பாருங்கள். இரண்டாவது வகைக் கசிவு ஏமாற்றும், எளிதில் பிடிபடாது. காற்று சுலபமாக வருவதால் இழுப்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் அது பவுலைத் தொடாமல் வரும் அறைக்காற்று.

மணல்தேய்த்த கண்ணாடி ஜாயின்ட்டுக்குக் கிரீஸ் எதுவும் போடக்கூடாது, அது ஆவியோடு சேர்ந்து உள்ளே போகும். உள்ளங்கையில் ஒரு துளி தண்ணீர் தொட்டுத் தடவினால் குளிர்ந்த பக்கத்து ஜாயின்ட் இறுகிவிடும்.

மூலிகையைத் தயார் செய்வது

நன்றாகக் காய்ந்ததாக, ஆனால் பொடியாக நொறுங்காததாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் முதல் மூன்று நான்கு இழுப்பில் வருவது வெறும் நீராவி, வாசனை கிடைக்காது. பொடியாகிவிட்டால் சல்லடையைத் தாண்டிக் குழாய்க்குப் போய் தண்ணீரைக் கலக்கிவிடும். வெறும் மூலிகை மட்டும்தான் போட வேண்டும். நறுமணத் தைலத் துளிகளைப் பவுலில் விடுவதும், வாசனை சேர்த்த தேநீர்ப் பையைப் பிரித்துப் போடுவதும் கூடாது. தைலம் சூட்டில் உள்ளே போனால் நுரையீரலுக்குத் தீங்கு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. லாவெண்டர் மொட்டை அரைக்காதீர்கள், விரலுக்கிடையில் ஒரு தடவை நசுக்கினால் போதும். தைம் இலையைத் தண்டிலிருந்து உருவி அப்படியே போடலாம், அதன் தண்டு மட்டும் வேண்டாம், அது காற்றுக்கு ஒரு குழி வழி போட்டுவிடும். யூகலிப்டஸ் இலை தோல் போன்றது, கிரைண்டரில் போட்டால் நார் நாராகும், கத்தரியால் 3, 4 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். சீமைச் சாமந்தியில் நடுமஞ்சள் பகுதி உதிர்ந்து சல்லடை வழியாகக் கீழே போகும், அதற்கு நுண்ணிய சல்லடை வேண்டும். சேஜ்தான் மிகவும் படுத்தும். அதன் இலையில் இருக்கும் மென்ரோமம் கிரைண்டரில் பஞ்சுபோல் திரண்டு ஒட்டிக்கொள்ளும். அப்படியே பவுலில் வைத்தால் அது ஒரு திரைபோல் நின்றுவிடும், காற்று ஓரமாக மட்டும் போகும். கையால் கிள்ளி, உதிர்த்து, தளர்வாகப் போட வேண்டும்.

அளவு 0.1 முதல் 0.2 கிராம். சல்லடை மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில், அழுத்தாமல், சமமாகப் பரவியிருக்க வேண்டும். சாமந்தி போன்ற உப்பிய மூலிகை 0.1 கிராமிலேயே பவுலை நிரப்பிவிடும், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். தண்ணீர் ஏற்கெனவே ஒரு தடை. மூலிகையும் தடையானால் இழுப்பு இரட்டிப்புச் சுமையாகிவிடும்.

இழுக்கும் முறை

டிஸ்பிளே சொன்ன வெப்பத்தைத் தொட்டவுடன் தொடங்கிவிடாதீர்கள். அந்த எண் ஹீட்டர் பக்கத்து சென்சார் காட்டுவது, கண்ணாடி இன்னும் சூடாகியிருக்காது. காலி பவுலை மாட்டி ஐந்து, ஆறு நிமிடம் விட்டு, 10 விநாடி காலி இழுப்பு ஒன்று எடுங்கள். பிறகு மூலிகையைப் போடுங்கள். பவுல் கையைச் சுடும், துணி அல்லது பிடிப்பான் வேண்டும்.

தண்ணீர் இணைத்த முதல் முறை, வழக்கமான வெப்பத்தைவிட 5 டிகிரி குறைத்தே தொடங்குங்கள். பலர் இதற்கு நேர்மாறாகக் கூட்டுகிறார்கள். தண்ணீர்த் தடையால் காற்று மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் காற்று ஹீட்டரில் அதிக நேரம் தங்கி அதிகம் சூடாகிறது. ஆக, டிஸ்பிளே எண் மாறாமலேயே இலை அதிகச் சூட்டைப் பெறுகிறது. வேகமாக இழுத்தால் இதற்கு எதிர்ப்பக்கம் நடக்கும். குளிர்ந்த காற்று சூடாகும் முன்பே பவுலைக் கடந்துவிடும், ஆவியே வராது.

ஒரு இழுப்பு 10 முதல் 15 விநாடி வரை நீடிக்கலாம். முதல் மூன்று விநாடி மிக மெதுவாக, குமிழிகள் தனித்தனியாக எண்ணும் அளவில் இருக்க வேண்டும். வாசனை நாக்கில் தட்டியதும் கொஞ்சம் கூட்டலாம். குமிழிகள் ஒன்றோடொன்று கலந்து நுரைத்து இரைச்சல் போட்டால் வேகம் அதிகம். காது இதற்கு நல்ல அளவுகோல்: 'களக் களக்' என்று விட்டு விட்டுக் கேட்டால் சரி, தொடர்ந்து 'கொர்ர்' என்று கேட்டால் குறைக்க வேண்டும். இழுத்ததை நெஞ்சில் பிடித்து வைப்பதால் பலன் இல்லை, எரிச்சல்தான். அடர்ந்த வெள்ளைப் புகைபோல் வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நறுமண மூலிகை ஆவி பெரும்பாலும் மெல்லியது, சில சமயம் கண்ணுக்கே தெரியாது. மூக்கை நம்புங்கள்.

இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தடவை பவுலைக் கழற்றி, உலோகக் குச்சியால் மூலிகையைக் கிளறிவிடுங்கள். வெப்பத்தை ஏற்றுவதாக இருந்தால் 5 டிகிரி, 5 டிகிரியாக, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் காத்திருந்து ஏற்றுங்கள். லாவெண்டரையும் தைமையும் கலந்து போடுபவர்கள் முதலில் 130-இல் லாவெண்டரை முடித்துவிட்டுப் பிறகு 190-க்குப் போக வேண்டும். நேராக 190-இல் போட்டால் லாவெண்டர் முதல் இழுப்பிலேயே தீர்ந்து, அதன் பிறகு காய்ந்த வைக்கோல் வாசம் அடிக்கும்.

பவுல் சொல்லும் சேதி

முடிந்த பின் பவுலைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரியும். எல்லா இடமும் ஒரே பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் கரும்பழுப்பு, ஓரத்தில் பச்சை என்றால் காற்று நடுவே ஒரு வழி போட்டுக்கொண்டது: மூலிகை சீரற்றுப் பரவியிருக்கிறது அல்லது தண்டு இருக்கிறது. அடியில் கருமை, மேலே பச்சை என்றால் இழுப்பு மிக மெதுவாக இருந்தது, அல்லது கிளறவில்லை. முழுவதும் பச்சையாகவே இருந்து வாசனையும் வரவில்லை என்றால், ஒன்று கசிவு, இல்லை வேகமான இழுப்பு. கருப்புப் புள்ளிகளும் புகை நெடியும் இருந்தால் உடனே 15 டிகிரி இறக்குங்கள், அந்த மூலிகையைக் கொட்டிவிடுங்கள். சல்லடையில் ஒட்டிய கருகல் அடுத்த பவுலையும் கெடுக்கும் என்பதால் அதையும் மாற்றிவிடுங்கள்.

சில நாள் நன்றாக இருந்துவிட்டு மெல்ல மெல்ல இழுப்பு கனத்தால், முதலில் முழங்கையில் இருக்கும் சின்னச் சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளைகள் பிசினால் அடைபட்டிருக்கும். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல், தண்ணீரில் இல்லை.

கழுவுவது

தண்ணீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிட வேண்டும். 'நாளைக்கும் ஆகும்' என்று வைத்தால் அழுக்குப் படலமும் பூஞ்சையும் வரும், அதன் வழியாகத்தான் மறுநாள் மூச்சை இழுப்பீர்கள். வெந்நீரில் அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதில், அரை மணி நேரம் ஊறப்போடலாம். பிசின் கெட்டியாக இருந்தால் கல்லுப்பு ஒரு டீஸ்பூன் சேர்த்துக் குலுக்குங்கள், அது உரசி எடுத்துவிடும். பிறகு வெந்நீரில் பல தடவை அலசி, ஆல்கஹால் வாசம் முற்றிலும் போன பின், ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பின்தான் மாட்ட வேண்டும். அந்த ஆல்கஹால் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை விடும். ஆகவே ஹீட்டர் சூடாக இருக்கும் அறையில் அதைத் திறக்காதீர்கள், சூடான கண்ணாடியை அதில் முக்காதீர்கள், ஹீட்டரின் உட்புறத்தில் அதை ஊற்றவே ஊற்றாதீர்கள். சிலிக்கோன் குழாய்க்கு ஆல்கஹால் வேண்டாம், வெந்நீரும் சோப்பும் போதும். வாசம் ஏறிப் பழுத்துவிட்டால் குழாயை மாற்றுவதுதான் வழி.

ஜாயின்ட் இறுகிக் கழலவில்லை என்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள், கழுத்தில் ஒடியும். வெளிப்பக்கக் கண்ணாடியின் மேல் மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். வெளிக் கண்ணாடி சற்று விரிந்து கொடுத்ததும் இதமாகத் திருப்பினால் வந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கருவியைத் தவிர்க்க வேண்டும். சூடான ஆவி எதுவாக இருந்தாலும் மூச்சுக்குழாயை உறுத்தலாம். சீமைச் சாமந்தி, ராக்வீட் என்ற களைச்செடி வகைகளின் குடும்பம், அந்த மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. சேஜில் துஜோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, கர்ப்பிணிகள் தொடக்கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் அறையில் யூகலிப்டஸ் ஆவி விடக்கூடாது, அது அவர்களுடைய மூச்சைப் பாதிக்கும்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை இது: தண்ணீருக்கென்று வாங்குவதானால் வீ-டவர், ஒற்றைப் பரப்பியும் 18 மில்லிமீட்டர் ஜாயின்ட்டும் உள்ள குட்டை பப்ளர், 40 சென்டிமீட்டர் சிலிக்கோன் குழாய். பலூனில் எடுத்தே பழகி, அது பிடித்தும் இருப்பவர்கள் வோல்கேனோவோடு நிம்மதியாக இருக்கலாம், பப்ளருக்குச் செலவழிக்க வேண்டாம். லாவெண்டரும் யூகலிப்டஸும் மட்டுமே பயன்படுத்துபவர்களுக்கும் அதுவே பதில். தைமும் சேஜும் விரும்புபவர்கள் பப்ளரில் போட்ட பணத்தின் பலனை முதல் இழுப்பிலேயே உணர்வார்கள்.